வலப்பக்கம் காலியாக இருந்த குழந்தைகள்

மார்ச் 4

பொடிசுக்கு,

நீ ஃபோனை எடுப்பதில்லை என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நேற்றிலிருந்து மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். "விடேன், அவளே ஒருநாள் பேசுவா" என்று உன் அண்ணன் பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷருக்கு, பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் எல்லாம் மேலே வந்துவிடும் என்று நினைப்பு. இது குடும்ப விஷயம் இல்லை, ஆஸ்பத்திரி விஷயம். என் மேல் இருக்கிற கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

எங்கள் காது பரிசோதனை அறையும் கண் பிரிவும் பங்குபோட்டுக்கொள்கிற அந்தக் குறுகலான நடை உனக்குத் தெரியும். நேற்றுக் காலை அங்கே ஒரு தள்ளுவண்டியிலிருந்து எவர்சில்வர் தட்டு விழுந்தது, கத்தரிக்கோல், கிண்ணம் எல்லாவற்றோடும். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். ஒருவர் கையிலிருந்த டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். தட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அம்மா மடியில் விழித்துக்கொண்டிருந்த எட்டு மாதப் பெண் குழந்தை மட்டும் தன் காலுறையைக் கழற்றுவதிலேயே மும்முரமாக இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா பேக்கரியில் வேலை செய்கிறவர். குழந்தையின் கண்ணைக் காட்ட இரண்டாவது தடவையாக வந்திருந்தார். "பிறந்தப்போ காது டெஸ்ட் எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தாங்க. மறுபடி வரணும்னா நாங்களே கூப்பிடுவோம்னாங்க. யாரும் கூப்பிடலை. அப்போ எல்லாம் சரின்னு நினைச்சுக்கிட்டோம்."

உள்ளே போய்ப் பார்த்தேன். பிறந்த மறுநாளே எடுத்த சோதனையில் இரண்டு காதும் தேறவில்லை. அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைதோறும் வருகிற "கூப்பிட வேண்டியவர்கள்" பட்டியலில் இந்தக் குழந்தை ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி மாட்டியிருக்க வேண்டிய குழந்தை.

அந்தப் பட்டியலை எடுக்கிற கணினி வரிகளை எழுதியவள் நீ. பார்த்துச் சொல்.

அண்ணி

மார்ச் 5

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தையை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் தப்பு இருக்க வாய்ப்பில்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதைச் சரிசெய்ய வைத்ததே நீங்கள்தான். மறந்திருக்க மாட்டீர்கள். பத்து மாதத்துக்கு முன்னால், தலைமை மருத்துவர், கண் பிரிவு, பிரசவ வார்டு, பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த கூட்டம். கண் பிரிவின் பதிவுகளும் புதிதாக அதே தரவுத்தளத்துக்குள் வந்த மாதம். ஒரே குழந்தை பட்டியலில் இரண்டு தடவை வருகிறது, கண்ணுக்கு வந்த தேதியைக் காது சோதனைத் தேதியாகக் காட்டுகிறது என்றீர்கள். சரி, உண்மைதான். அதோடு விட்டிருக்கலாம். "இந்த லிஸ்ட்டை வெச்சுப் பொட்டலம்தான் மடிக்கலாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். சொந்த நாத்தனார் என்று ஒரு பார்வைகூட இல்லை.

வெளியே நடையில் நின்றபடியே, மடிக்கணினியை ஜன்னல் கட்டையில் வைத்து, பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். அடுத்த திங்கட்கிழமை பட்டியல் சுத்தமாக ஒரே பக்கத்தில் வந்தது. தலைமை மருத்துவரே பாராட்டினார். நீங்கள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே இந்த ஊர் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

யாராவது குழந்தையின் பதிவு எண்ணைத் தப்பாக ஏற்றியிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் கணினிப் பிரிவில் கேட்டு பட்டியலை எடுக்கிற அந்தக் குவெரியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பார்க்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 6

பொடிசுக்கு,

எண் சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒரு குழந்தையோடு இது நிற்குமா என்ற பயத்தில், பிரசவ வார்டின் பதிவேட்டை வாங்கி நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தையும் கையால் எண்ணினேன். முதல் சோதனையில் தேறாதவர்கள் பதினைந்து பேர். அதில் நான்கு பேர் தாங்களாகவே மறுசோதனைக்கு வந்துவிட்டார்கள். பதினொரு பேர் வரவே இல்லை. அந்தப் பதினொரு பேரும் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் இல்லையா? ஒருவர்கூட இல்லை. வந்து, சோதித்து, மறுபடியும் தேறாத ஒரே ஒரு குழந்தைதான் பட்டியலில் இருக்கிறது.

அதாவது, நம் பட்டியல் வந்தவர்களைத்தான் "வாருங்கள்" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

குவெரியை இணைத்திருக்கிறேன். எனக்கு எண்ணத்தான் தெரியும். மற்றது உன் பாடு.

கூட்டத்தில் பேசியதைப் பற்றி எழுதியிருக்கிறாய். பேசியது பேசியதுதான். அதற்கு இப்போது நேரமில்லை.

அண்ணி

மார்ச் 7

அண்ணி,

தப்பு என்னுடையதுதான். குவெரியின் கடைசி வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆபீஸில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

சாக்குப்போக்கு சொல்லாமல், என்ன நடந்தது என்று சொல்கிறேன். நம் தரவுத்தளத்தில் கட்டம் போட்ட அட்டவணை கிடையாது. எல்லாம் தனித்தனித் தாள்கள் மாதிரி. குழந்தைக்கு ஒரு தாள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள். தாளின் தலையில் "காது", "கண்" என்று வகை எழுதியிருக்கும். எல்லாத் தாளும் ஒரே பெட்டியில் கிடக்கும்.

என் குவெரி முதலில் இதைத்தான் சொல்கிறது: முதல் சோதனையில் தேறாத குழந்தைகளை இடப்பக்கம் வரிசையாக வை. ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் அவருடைய வருகைத் தாளை வை. வருகையே இல்லை என்றால் வலப்பக்கத்தைக் காலியாக விடு, ஆனால் குழந்தையை வரிசையிலிருந்து எடுக்காதே. இதற்கு வெளி இணைப்பு என்று பெயர். வராதவர்களை விட்டுவிடக் கூடாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்புறம் அந்தப் பத்து நிமிடத்தில், கண் பதிவுகளை ஒதுக்குவதற்காகக் கடைசியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: வலப்பக்கத் தாள் "காது" வகையாக இருக்க வேண்டும், முடிவு "தேறியது" என்று இருக்கக் கூடாது. வலப்பக்கமே காலியாக இருக்கிற குழந்தையிடம் போய் "உன் தாள் காதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பதிலே வராது. பதில் வராததை இயந்திரம் "ஆமாம்" என்று எடுத்துக்கொள்ளாது. வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. முதல் வரியில் இருக்கட்டும் என்று உட்காரவைத்தவர்களை, கடைசி வரியில் நானே எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். பட்டியல் சுத்தமாக வந்தது அதனால்தான்.

"அல்லது வலப்பக்கம் காலியாக இருந்தால்" என்று சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இன்றே ஓட்டச் சொல்லுங்கள்.

பதிவேட்டை உட்கார்ந்து கையால் எண்ணியிருக்கிறீர்களே. அதைச் செய்யாமல் என் கடிதத்தை மட்டும் நீங்கள் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பொடிசு

மார்ச் 11

பொடிசுக்கு,

முப்பத்தொரு பெயர்கள் வந்தன. அன்றைக்கே ஃபோனில் உட்கார்ந்துவிட்டோம். பாதிப் பேர் எண்ணை மாற்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் தாத்தா கதவைத் திறந்து, "குழந்தைக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது, சொல்றதைத்தான் கேக்க மாட்டேங்குது" என்றார். குழந்தைக்கு வயது ஐந்து மாதம்.

இப்போது விஷயம். முப்பத்தொன்றையும் மறுபடி ஒருமுறை படித்தேன். பேக்கரி அம்மாவின் குழந்தை அதில் இல்லை.

எந்தக் குழந்தையால் இதெல்லாம் ஆரம்பித்ததோ அதே குழந்தை. சென்ற வாரம் அதை நானே சோதித்துவிட்டேன், முடிவைக் காகிதத்தில்தான் எழுதியிருக்கிறேன், கணினியில் இன்னும் ஏற்றவில்லை. அதனால் கணினிக்குத் தெரிந்தவரை அது வராத குழந்தைதான். பட்டியலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீ மறுபடி தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று நேற்று முழுக்க யோசித்தேன். அப்புறம், நீ எடுத்துக்கொள்கிறபடி எடுத்துக்கொள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி

மார்ச் 12

அண்ணி,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பக்கத்து மேஜைக்காரரிடம், "எங்க அண்ணி மாதிரி ஒருத்தர் இந்த ஆபீஸ்ல இருந்தா நம்ம பாதிப் பேருக்கு வேலை போயிடும்" என்றேன்.

அந்தக் குழந்தை ஏன் விட்டுப்போனது தெரியுமா? கண்ணைக் காட்ட வந்திருக்கிறது. அதனால் அதன் வலப்பக்கம் காலி இல்லை. அங்கே ஒரு கண் தாள் உட்கார்ந்திருக்கிறது. "தாள் காதா?" என்று கேட்டால் இல்லை. "வலப்பக்கம் காலியா?" என்று கேட்டால் அதுவும் இல்லை. என் இரண்டு கேள்விக்கும் நடுவில் இருந்த சந்தில் அது விழுந்துவிட்டது. கண் பிரிவுக்கு ஒழுங்காக வந்த குழந்தைகளெல்லாம் காதுப் பட்டியலிலிருந்து காணாமல் போயிருக்கிறார்கள்.

ஒட்டுப்போட்டது போதும் என்று முழுசாக மாற்றிவிட்டேன். வலப்பக்கத்தைப் பற்றிய நிபந்தனையைக் கடைசியில் கேட்பது தப்பு. தாளை எடுத்து வைக்கும்போதே கேட்க வேண்டும். இப்போது குவெரி சொல்வது இதுதான்: முடிவு "தேறியது" என்று உள்ள காதுத் தாள் இருந்தால் மட்டும் அதைக் குழந்தையின் வலப்பக்கம் வை. வேறு எந்தத் தாளையும் தொடாதே. வைத்து முடித்ததும், யாருக்கெல்லாம் வலப்பக்கம் காலியோ அவர்களை மட்டும் காட்டு. கண் தாள் எத்தனை இருந்தாலும் இனி குறுக்கே வராது. ஒரே குழந்தை இரண்டு தடவையும் வராது. நீங்கள் அன்றைக்குக் கூட்டத்தில் கேட்டதும் இதுதான்.

இந்தத் தடவை ஜன்னல் கட்டையோரம் நின்றுகொண்டு எழுதவில்லை. ஆறு பொய்க் குழந்தைகளை உருவாக்கினேன்: எதற்குமே வராதது, கண்ணுக்கு மட்டும் வந்தது, காதுக்கு வந்து தேறாதது, தேறியது, முதலில் தேறாமல் பிறகு தேறியது, இரண்டுக்கும் வந்து காதில் தேறாதது. யார் யார் பட்டியலில் வர வேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு ஓட்டினேன். சரியாக வருகிறது. இருந்தாலும் நீங்கள் ஒருமுறை எண்ணிவிடுங்கள். நீங்கள் எண்ணினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பொடிசு

மார்ச் 29

பொடிசுக்கு,

எண்ணிவிட்டேன். பத்து மாதப் பதிவேட்டையும். புதிதாகப் பதிமூன்று பேர் வந்தார்கள், மொத்தம் நாற்பத்து நான்கு. பதிவேட்டிலும் நாற்பத்து நான்கு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. கணினிப் பிரிவுக்காரர் உன் குவெரியைப் படித்துவிட்டு, "இவ்வளவு சின்னதா எழுதியிருக்காங்களே" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது புரியாது. ஆனால் நீ உன் தப்பை மறைக்காமல், எனக்கும் புரிகிற மாதிரி எழுதினாயே, அதை வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். என் இருபது வருஷ வேலையில் அப்படிச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாற்பத்து மூன்று குழந்தைகளைச் சோதித்தாயிற்று. முப்பத்தாறு பேருக்கு ஒன்றுமில்லை. பிறந்தபோது காதில் நீர் இருந்திருக்கும். ஏழு பேருக்குக் கேட்பதில் குறை இருக்கிறது. நான்கு பேரை ஆறு மாதத்துக்குள், நேரத்தோடு பிடித்துவிட்டோம். மூன்று பேருக்குத் தாமதமாகிவிட்டது. பேக்கரி அம்மாவின் குழந்தை அந்த மூன்றில் ஒன்று. இன்னும் ஒரு குடும்பத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதற்கு மேல் எழுதுவதற்கு நான்கு நாளாகத் தயங்கினேன்.

தப்பு உன்னுடையது என்று எழுதினாயே, பாதிதான் உன்னுடையது. அந்த முதல் திங்கட்கிழமை, மூன்று பக்கமாக வருகிற பட்டியல் ஒரே பக்கமாக வந்தபோது எனக்கு உறுத்தியது. இத்தனை குழந்தைகள் ஒரே வாரத்தில் எங்கே போனார்கள் என்று அப்போதே தோன்றியது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய். எல்லோரும் உன்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி வாயைத் திறந்தால், நாத்தனார்மேல் பொறாமை என்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் ஒழுங்காக வருகிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பாராட்டுக்குக் காத்திருந்தபோது நான் பேசாமல் இருந்ததன் காரணம் அதுதான்.

இதை உன் அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

படித்ததும் கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். இரண்டு பாரா எழுதி அழித்தேன். அப்புறம் ஆபீஸ் கட்டடத்தை மூன்று தடவை சுற்றி வந்தேன்.

சுற்றும்போது ஒன்று புரிந்தது. நீங்கள் அன்றைக்கு வந்து கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மார்ச் ஐந்தாம் தேதி எழுதியதைத்தான் சொல்லியிருப்பேன். யாரோ எண்ணைத் தப்பாக ஏற்றியிருப்பார்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உங்களைக் கேட்க முடியாதபடி வைத்தவள் நான்.

அந்த மூன்று குழந்தைகளின் கணக்கை உங்கள் தலையில் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தலைமை மருத்துவருக்கு இன்று நானே கடிதம் எழுதிவிட்டேன்: எந்த வரி தப்பு, ஏன் தப்பு, எத்தனை குழந்தைகள், யார் கண்டுபிடித்தார்கள் என்று. உங்களுடைய பாதியை அதில் எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது, சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும். இதை எனக்கு நீங்கள் எழுத வேண்டிய அவசியமே இல்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியும் எழுதினீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தீர்கள். இத்தனை வருஷத்தில் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை.

காணாமல் போன குடும்பத்தை அண்ணனிடம் சொல்லிப் பாருங்களேன். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கை படாத லிஃப்ட் கிடையாது.

பொடிசு

ஏப்ரல் 19

பொடிசுக்கு,

தலைமை மருத்துவர் உன் கடிதத்தை அதே கூட்டத்தில், அதே பதினெட்டுப் பேருக்கு முன்னால் வாசித்தார். முடித்ததும் நான் எழுந்து என் பாதியைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே பட்டியல் திடீர்னு சின்னதானா, யாரா இருந்தாலும் உடனே என்கிட்ட வந்து சொல்லணும். மாசம் ஒரு தடவை பதிவேட்டோட ஒப்பிட்டு எண்ணணும். நீங்களே அதைப் பாத்துக்குங்க" என்றார். பொட்டலம் மடிக்கலாம் என்று சொன்னதற்கும் அங்கேயே எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தேன். நீ இல்லாதபோது சொன்னேன் என்று நினைக்காதே. உன்னிடமும் சொல்கிறேன். அது தப்பு.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலைக்குப் போனார். போகிற கட்டடங்களிலெல்லாம் காவலாளிகளிடம் விசாரித்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு ஃபோன். "ஒன்பதாவது மாடியில இருக்காங்க. நீ வர்றவரைக்கும் நான் லிஃப்ட்டை நிறுத்தி வெச்சிருக்கேன், யாரும் கீழ போக முடியாது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

அந்தக் குழந்தைக்கு நேற்றுச் சோதனை. சோதனைக் கருவி ஒலித்ததும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஊரைக் கூட்டி அழுதது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

பேக்கரிக் குழந்தைக்குக் கருவி மாட்டி இரண்டு வாரம் ஆகிறது. முதல் வாரம் முழுக்க அதைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டது. இப்போது விட்டுவைக்கிறதாம். அடுப்புக் கதவை மூடினால் திரும்பிப் பார்க்கிறது என்று அவள் அம்மா சொன்னார். பேச்சு வர இன்னும் உழைக்க வேண்டும். வாரம் இருமுறை பயிற்சிக்கு வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஃபோன் செய்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 26

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நாம் இரண்டு பேரும் அழுது முடிப்பதற்குள் அண்ணன் பிடுங்கிப் பேச ஆரம்பித்துவிட்டார். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

அந்த ஆறு பொய்க் குழந்தைகளை இங்கே ஆபீஸிலும் ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன். வலப்பக்கத்தைப் பற்றி நிபந்தனை போடுகிற எந்தக் குவெரியையும் இனி அந்த ஆறில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. கோப்புக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று "அண்ணி" என்று வைத்தேன்.

பக்கத்து மேஜைக்காரர் நேற்று அதைப் பார்த்துவிட்டு, "இந்த அண்ணின்னா என்னங்க? ஏதாவது சுருக்கமா?" என்று கேட்டார்.

"அன்னிக்குச் சொன்னேனே, அதே அண்ணிதான். எங்க அண்ணன் மனைவி."

"அவங்களும் நம்ம துறையா?"

"இல்லை. குழந்தைங்களுக்குக் காது டெஸ்ட் எடுக்கறாங்க."

அவருக்குப் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து தன் கணினிக்குப் போனார். அவர் பார்ப்பது எரிவாயுக் குழாய்ச் சோதனைப் பட்டியல், எந்தெந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று. கடைசி வரியில் ஒரு நிபந்தனை. நான் போட்ட அதே நிபந்தனை, அதே இடத்தில்.

அவர் அதை மேலே தூக்கி, தாளை எடுத்து வைக்கிற இடத்தில் போட்டு ஓட்டினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் அண்ணி. ஒரு தடவைகூடச் சோதிக்கப்படாதவை. இன்று காலை எட்டு மணிக்கு ஆட்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

பொடிசு